பாதியில் நின்ற இருபத்தேழு

மார்ச் 3, திங்கள்

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி இரண்டாவது வாரம். திரும்பிய தூரம் கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும்தான். குட்டிக்கு இன்றோடு ஏழு மாதம். பின்பக்கமாகத் தவழ்கிறாள். முன்னால் இருக்கிற பொம்மையை எடுக்கக் கிளம்பி, தள்ளிக்கொண்டே போய்க் கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டு, என்னவோ நான்தான் பிடித்துத் தள்ளியது மாதிரி முறைக்கிறாள்.

இன்று எங்கள் சர்வர் பிரிவின் மேலாளர் மேடம் போன் செய்தார். பெரிய வேலை ஒன்று. ஆஸ்பத்திரியில் போன வருடம் வரை எடுத்த ஒன்பது வருட ஸ்கேன் படங்கள் எல்லாம் ஒரு வாடகை சர்வரில் இருக்கின்றன. அதைத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் சொந்த சர்வருக்கு மாற்றவேண்டும். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை பழைய டிஸ்க்குகளை அழித்துவிடுவார்கள். மொத்தம் 41,618 கோப்புகள். ஒருவருக்கு எடுத்த ஒரு ஸ்கேன் முழுவதும் ஒரே கோப்பு. ஒவ்வொன்றுக்குள்ளும் நூற்றுக்கணக்கில் படங்கள்.

மேடம் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன்: "இது ஒழுங்கா முடிஞ்சா, பாப்பாவுக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் வீட்டுலேர்ந்தே வேலை பாருங்க, நான் வாங்கித் தரேன். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா, மேல இருக்கறவங்ககிட்ட என்னால வாதாட முடியாது. புரியுதில்ல?"

புரியாமல் என்ன. சரி மேடம், சரி மேடம் என்று மூன்று தரம் சொன்னேன். இரண்டாவது தரத்துக்கும் மூன்றாவது தரத்துக்கும் நடுவில் குட்டி ஏப்பம் விட்டாள். மேடத்துக்குக் கேட்டிருக்கும்.

இன்னும் ஐந்து மாதம் இவளை விட்டுப் போகாமல் இருக்கலாம். அதற்காக 41,618 என்ன, நட்சத்திரத்தைக்கூட எண்ணி மாற்றிவைப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஆரம்பித்துவிட்டேன். இரவில் இரண்டு சர்வர்களையும் இணைக்கிற லைனில் ஆஸ்பத்திரியின் வேறு வேலைகள் ஓடுவதால் எனக்குப் பகல் பத்திலிருந்து ஐந்து வரை மட்டும்.

எட்டு மாதம் கழித்துக் சர்வரோடு பேசுகிற கறுப்புத் திரையைத் திறந்தேன்; கட்டளையெல்லாம் மறந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் விரலுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. படம் இல்லை, பொத்தான் இல்லை, ஒரு வரி தட்டினால் அது ஒரு வரி பதில் சொல்லும். கேட்டதைத் தவிர வேறு பேசாது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "பால் போதுதா, எடை ஏறுதா, தலை நின்னுடுச்சா" என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்த பிறகு, இப்படி ஒருவரோடு உட்கார்ந்திருப்பதே ஒரு ஓய்வு.

இவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். இவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாத எந்த வேலையும் வேலை என்றே தோன்றாது. "நாலு வருஷமா அந்த மெஷின் மூஞ்சியைக்கூடப் பார்க்காம குடித்தனம் நடத்திட்டிருக்க" என்றார்.

"மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் உங்ககூட நடத்துறேன். எது சுலபம்னு சொல்லட்டுமா?"

போய்விட்டார்.

கோப்புகளைப் பிரதி எடுக்கும் கட்டளையில் இரண்டு விஷயம் சேர்த்தேன். ஒன்று: நடுவில் அறுந்துபோனால், அதுவரை வந்து சேர்ந்ததைத் தூக்கி எறியாதே, வைத்துக்கொள். இரண்டு: அந்தப் பக்கம் ஏற்கெனவே இருக்கிற கோப்பை மறுபடி தொடாதே, தாண்டிப் போ. இரண்டுமே நேரம் மிச்சம். எழுதி முடித்ததும் எனக்கே என்னைப் பிடித்தது.

என் லேப்டாப் மூடினாலும் சர்வருக்குள் வேலை பாட்டுக்கு ஓடும்படி விட ஒரு சின்னக் கருவி உண்டு. பழைய சர்வரில் அது இல்லை. போடவேண்டுமென்றால் மேடம் சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு எழுதவேண்டும். வீட்டிலிருந்து வேலை கேட்டது பத்தாதென்று இது வேறா? கேட்கவில்லை. கண்ணெதிரே ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் எனக்கும் நிம்மதி.

மார்ச் 6, வியாழன்

குட்டி துணி துவைக்கும் மெஷின் ஓடினால்தான் தூங்குகிறாள். துவைக்கத் துணி இல்லாமல் சுத்தமாக இருந்த திரைச்சீலையை எடுத்துப் போட்டேன்.

விழித்த உடனே லேப்டாப்புக்குத்தான் பாய்கிறாள். நேற்று இரண்டு உள்ளங்கையாலும் தட்டி ஏதோ கட்டளை எழுதினாள். நல்லவேளை, அர்த்தமுள்ளதாக ஒன்றும் வரவில்லை. அதனால் அவள் அசைந்தாலே என் கை தானாக மூடியைச் சாத்திவிடுகிறது. சாத்தினால் லேப்டாப் உறங்கிவிடும், இணைப்பு அறுந்துவிடும். பரவாயில்லை. பால் கொடுத்து, துணி மாற்றி, மறுபடி திறந்து, மேல் அம்பு, எண்டர். அதே கட்டளை. இருப்பதைத் தாண்டிக்கொண்டு, விட்ட இடத்துக்கு ஓடிப்போய் ஆரம்பித்துவிடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை இப்படி.

மார்ச் 7, வெள்ளி

இரண்டு பல். கீழே. என் தோளில் அச்சு இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

முக்கால்வாசி ஆகிவிட்டது. மெஷின் ரூம் அண்ணன் போனில் கேட்டார் — ஆஸ்பத்திரியில் சர்வர்கள் இருக்கிற குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிறவர், டிஸ்க்குகளை அழிக்கப்போவதும் அவர்தான். "என்னம்மா, எப்படிப் போகுது? அவசரப்படாத. நான் டிரில்லிங் மெஷினுக்கு எண்ணெய் போட்டு ரெடியா வச்சிருக்கேன், அவ்வளவுதான்" என்றார். நிஜமாகவே டிஸ்க்கில் ஓட்டை போடுவார்களாம். வாடகைக்குக் கொடுத்தவர்களுக்கு வெறும் பெட்டிதான் திரும்பிப் போகும்.

ஓட்டை என்றதும் கவலையாக இருந்தது. எதற்கென்று தெரியவில்லை. எனக்கு எதற்குத்தான் கவலை இல்லை? குட்டி தும்மினாலும் அப்படித்தான், தும்மாமல் இருந்தாலும் அப்படித்தான்.

மார்ச் 14, வெள்ளி

முடிந்தது!!

மூன்றேகாலுக்குக் கடைசிக் கோப்பு. இரண்டு பக்கமும் எண்ணச் சொன்னேன். பழைய சர்வர்: 41,618. புதிய சர்வர்: 41,618. இரண்டு எண்ணும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குட்டியைத் தூக்கிக் காட்டினேன். அவள் திரையை நக்கப் பார்த்தாள்.

'முழுமையாக முடிந்தது' என்று மேடத்துக்கு எழுதினேன். ஐந்து நிமிடத்தில் போன். "ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சிட்டீங்க! சாயங்காலமே ஸ்கேன் பிரிவைப் புது சர்வருக்கு மாத்திடலாம். பழையதை இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் எதுக்கு வச்சிருக்கணும்? அடுத்த வெள்ளி இருபத்தொண்ணு அழிச்சிடச் சொல்றேன்."

மெஷின் ரூம் அண்ணனும் கேட்டார், "சரிபார்த்தாச்சில்லம்மா?"

"எண்ணிக்கை சரியா இருக்குண்ணா."

"அப்ப சரி."

இவர் வரும்போது எனக்குப் புதுப் புடவை மாதிரி மடித்த ஒன்றைக் கொண்டுவந்தார் — பார்த்தால் மேசை விரிப்பு. "இனிமே இது உன் ஆபீஸ்தானே" என்றார். சிரித்தேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஆகஸ்ட் வரைக்கும்!

மார்ச் 16, ஞாயிறு

ஒன்றும் இல்லை. மூன்று பேரும் மதியம் தூங்கினோம். விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. ஒன்றுமில்லாத நாள் என்று எழுதக்கூட ஒரு நாள் வேண்டுமே.

மார்ச் 18, செவ்வாய்

காலை பதினொன்றுக்கு ஸ்கேன் அக்கா போன். ஸ்கேன் மெஷினை இயக்குகிற டெக்னீசியன். படம் திறக்கவில்லை, மெதுவாக வருகிறது என்று என்னைத்தான் கூப்பிடுவார். நான்கு வருடப் பழக்கம்.

"என்னம்மா, ஆளைக் கழுத்தோட நிறுத்திட்டீங்களே!"

"யாரைக்கா?"

"ஒரு பழைய ஸ்கேனைத் தொறந்தேன். தலையிலேர்ந்து கழுத்து வரைக்கும் அழகா இருக்கு. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. இந்த ஆளை நானே எடுத்தேன்மா, உடம்பு இருந்துச்சு!"

சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். அந்தக் கோப்பு பழைய சர்வரில் முந்நூற்றுப் பத்து எம்பி. புதியதில் எழுபத்தாறு. சிரிப்பு நின்றுவிட்டது.

அதை மட்டும் திரும்ப அனுப்பினேன். "இப்ப பாருங்கக்கா." "ஆங், கால் வரைக்கும் வந்துட்டாரு. நீ கெட்டிக்காரிம்மா." வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

ஒன்றுதானா?

நல்ல கோப்பு ஒவ்வொன்றும் ஸ்கேன் எடுத்த நாளின் தேதியோடுதான் புதிய இடத்தில் இருக்கும். இந்தப் பாதிக் கோப்பில் இருந்த தேதி வேறு: மார்ச் 6, காலை 11.42. மார்ச் 6 காலையில் அந்த ஆளுக்கு யாரும் ஸ்கேன் எடுக்கவில்லை. நான் மூடியைச் சாத்தினேன்.

அப்போது புரிந்தது. அறுந்துபோனால் பாதியை வைத்துக்கொள் என்றேன். வைத்துக்கொண்டது. இருக்கிறதைத் தாண்டிப் போ என்றேன். பாதியும் இருக்கிறதுதானே? தாண்டிப் போனது. எண்ணச் சொன்னபோது பாதியையும் ஒன்று என்றுதான் எண்ணியது. ஒவ்வொரு சொல்லையும் கேட்டு நடந்த பிள்ளையை என்ன திட்டுவது. திட்டவேண்டியது என்னை.

இந்த மாதத் தேதி போட்ட கோப்புகளை மட்டும் காட்டு என்று தட்டினேன். இரண்டு பக்கமும் அளவு ஒத்துப்போகாத கோப்புகளையும் தனியாகப் பட்டியல் கேட்டேன். இரண்டு பட்டியலும் ஒன்றே: இருபத்தாறு. சற்றுமுன் சரிசெய்ததையும் சேர்த்தால் —

இருபத்தேழு.

ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம் இருந்தது. காலை 10.55. மதியம் 1.20. மாலை 3.38. இந்த நேரமெல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நேரத்திலும் நான் ஓடிப்போய் ஒருத்தியைத் தூக்கியிருக்கிறேன்.

மிச்ச இருபத்தாறையும் மறுபடி அனுப்பினேன். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் முடிந்துவிட்டது. குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் தட்டினேன், ஒரு தரம்கூட மூடியைச் சாத்தவில்லை. இப்போது எல்லா அளவும் சரி. பழைய டிஸ்க்கில் ஓட்டை போட இன்னும் மூன்று நாள் இருந்தது. தப்பித்தேன்.

யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சரியாகிவிட்டதே.

மார்ச் 19, புதன்

சரியாகவில்லை.

காலையில் குட்டிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது தோன்றியது — வெள்ளி சாயங்காலத்திலிருந்து நேற்று சாயங்காலம் வரை ஸ்கேன் பிரிவு புதிய சர்வரில்தான் இருந்தது. அந்த நான்கு நாளில் வேறு யாராவது இந்த இருபத்தேழில் ஒன்றைத் திறந்திருந்தால்? ஸ்பூன் கையிலேயே நின்றுவிட்டது. குட்டி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள், பாவம்.

யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார்கள் என்று சர்வர் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டே இருக்கும். கேட்டால் சொல்லும். கேட்காமலும் இருக்கலாம். பத்து நிமிடம் கேட்காமல் இருந்தேன்.

இரண்டு வரி வந்தது. ஒன்று ஸ்கேன் அக்கா திறந்தது. இன்னொன்று திங்கட்கிழமை, மாலை 4.10, நாலாம் வார்டு டாக்டர். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மூடியிருக்கிறார்.

அந்த நோயாளியின் பெயர் எனக்குத் தெரியாது, எண் மட்டும்தான். ஸ்கேன் அக்காவுக்குப் போன் செய்து, சும்மா கேட்கிற மாதிரி, இந்த எண்ணுக்கு ஏதாவது புதிதாக எழுதியிருக்கிறார்களா என்றேன்.

"இருக்கே. அறுபத்திரண்டு வயசு அம்மா. கல்லீரல்ல ஒரு புள்ளி. ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த ஸ்கேன்ல அந்தப் புள்ளி அப்பவே இருந்துச்சான்னு பார்க்கத் தொறந்திருக்கார். பழைய ஸ்கேன் அந்த இடம் வரைக்கும் எடுக்கலைன்னு எழுதியிருக்கு. அதனால ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கப் போறாங்க. வெள்ளிக்கிழமை காலை. ஏம்மா கேக்குற?"

"இல்லக்கா, சும்மா."

சும்மா! எப்படித்தான் வந்ததோ அந்த வார்த்தை.

பழைய ஸ்கேன் அந்த இடம் வரைக்கும் எடுக்கப்பட்டுத்தான் இருக்கிறது. கால் வரைக்கும் எடுத்திருக்கிறார்கள். அந்த அம்மா அன்றைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு அந்த மெஷினுக்குள் முழுசாகத்தான் படுத்திருந்தார். பாதியில் நிறுத்தினது நான். அந்தப் புள்ளி இரண்டு வருடமாக அப்படியே இருக்கிற சாதாரணப் புள்ளியோ என்னவோ. இருந்தால் ஊசியே வேண்டாமே? இல்லாமலும் இருக்கலாம். எனக்கென்ன தெரியும், நான் டாக்டரா? ஆனா பாக்க வேண்டியவரு பாக்கணுமில்ல?

டாக்டர் மறுபடி திறந்தால் போதும், இப்போது முழுசாக இருக்கிறது. ஆனால் அவர் எதற்கு மறுபடி திறக்கப் போகிறார்? யாராவது சொன்னால்தான். சொன்னால், ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் மேடம். மேடத்துக்குத் தெரிந்தால், மேலே. அப்புறம் இந்த மேசை விரிப்பு போச்சு.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சட்டை கழற்றிக்கொண்டிருந்தவர் பாதியில் நின்று கேட்டார்.

"சொன்னா வேலை போயிடுமா?"

"வேலை போகாதுன்னு நினைக்கிறேன். வீட்டுல இருக்கறது போயிடும். குட்டியைக் காப்பகத்துல விடணும். ஏழு மாசக் குழந்தையை, ஏங்க!"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம், "போன வருஷம் ஒருத்தருக்கு வலது லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துட்டேன். அவர் போனப்புறம்தான் தெரிஞ்சுது. தெருமுனை வரைக்கும் ஓடினேன்" என்றார்.

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"ஓடினது அசிங்கமா இருந்துச்சு. ஒரு செருப்புதான் கால்ல இருந்துச்சு."

சிரிக்கவும் வந்தது, அழுகையும் வந்தது. நீ சொல்லு என்று அவர் ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

வெள்ளிக்கு நடுவில் ஒரே ஒரு நாள்.

மார்ச் 20, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலை எட்டரைக்கு, மேடம் பஸ்ஸிலோ காரிலோ இருக்கிற நேரம். ஆபீஸ் வந்த பிறகு பேசலாம் என்று விட்டால் பத்தாகும், பதினொன்றாகும், அப்புறம் குட்டி தூங்குகிற நேரம், அப்புறம் நான் பேசவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியாதா.

எழுதி வைத்துக்கொண்டு போனில் படித்தேன். பாதிக் கோப்புகள், என் கட்டளையில் என் தவறு, நேற்று முன்தினம் சரிசெய்தேன், சொல்லாமல் விட்டேன், ஒரு டாக்டர் பாதியைப் பார்த்து முடிவெடுத்திருக்கிறார். ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தனை?"

"இருபத்தேழு."

"எத்தனை பேர் தொறந்தாங்க?"

"ரெண்டு பேர். ஒண்ணு நம்ம ஸ்கேன் பிரிவுலயே."

"செவ்வாய்க்கிழமையே ஏன் சொல்லலை?"

"பயம் மேடம்."

வேறு ஏதாவது கௌரவமான காரணம் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது அதுதான்.

"டாக்டர்கிட்ட நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?" என்றார்.

"நானே சொல்றேன்."

நாலாம் வார்டில் டாக்டரைப் பிடிக்க ஒன்பதரை ஆகிவிட்டது. "சர்வர் பிரிவுலேர்ந்து பேசறேன் டாக்டர்" என்றதும், "மறுபடியும் பாஸ்வேர்டு மாத்தணுமா? போன வாரம்தாம்மா மாத்தினேன், இன்னும் அதுவே மனசுல நிக்கலை" என்று ஆரம்பித்துவிட்டார். நிறுத்திச் சொன்னேன். திங்கட்கிழமை நீங்கள் பார்த்தது பாதி ஸ்கேன், முழுசு இப்போது இருக்கிறது, பிரதி எடுத்தபோது நான் செய்த தவறு.

இந்தப் பக்கம் குட்டி ஒரு கிண்ணத்தைத் தரையில் டங் டங் என்று அடித்தாள்.

"லைன்ல இருங்க." விசைகளைத் தட்டுகிற சத்தம். நான் நின்றுகொண்டிருந்தேன், எப்போது எழுந்தேன் என்று தெரியாது. எத்தனை நிமிடமோ. குட்டி கிண்ணத்தை விட்டுவிட்டு என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கு" என்றார். "அதே இடம், அதே அளவு. ரெண்டு வருஷமா அசையலை." பிறகு என்னிடம் இல்லாமல் வேறு யாரிடமோ, "நாளைக்கு லிஸ்ட்லேர்ந்து அந்த அம்மாவை எடுத்துடுங்க" என்று குரல் கொடுத்தது கேட்டது. மறுபடி என்னிடம் வந்தார். "மிச்ச இருபத்தாறையும் நாங்க ஒரு பார்வை பார்க்கணும். பட்டியல் அனுப்புங்க." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எளிதாக இருந்திருக்கும். வைக்கப்போகும்போது கேட்டார்: "அங்க யாரு, குழந்தையா?"

"ஆமா டாக்டர். ஏழு மாசம்."

"கிண்ணத்தை வாங்கிடாதீங்க. வாங்கினா இதைவிடச் சத்தம் வரும்."

பட்டியல் அனுப்பினேன். மெஷின் ரூம் அண்ணனைக் கூப்பிட்டு நாளைக்கு அழிக்க வேண்டாம் என்றேன், மேடமே ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். "நல்லவேளைம்மா. நானும் எண்ணிக்கை சரின்னதும் தலையாட்டிட்டேனே, என் தப்பும்தான்" என்றார். அவர் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்படி ஒருவர் சொன்னது அந்த நேரத்துக்கு வேண்டியிருந்தது.

பதினோரு மணிக்குக் குட்டி தூங்கியதும் குளித்தேன். வெந்நீர் தீர்ந்துபோகும் வரை நின்றேன்.

மார்ச் 21, வெள்ளி

மேடம் பேசினார். மேலே இருக்கிறவர்களுக்கு அறிக்கை போயிருக்கிறது. "நீங்களா வந்து சொன்னீங்கன்னு முதல் வரியிலேயே எழுதியிருக்கேன். ரெண்டு நாள் கழிச்சு சொன்னீங்கன்னும் எழுதியிருக்கேன்." எழுதத்தான் வேண்டும். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் எழுதுவேன்.

வீட்டிலிருந்து வேலை பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

எல்லாக் கோப்பையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை இரண்டு சர்வரும் படித்து ஒப்பிட்டுப் பார்க்கின்றன. எண்ணிக்கை, அளவு, தேதி எதையும் நம்பாமல், உள்ளே இருப்பதைப் படித்து. நான்கு பகல் ஆகும். அந்தச் சின்னக் கருவியையும் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். மேடம் எழுதி ஒரே மணி நேரத்தில். அவ்வளவுதான் ஆகியிருக்கும், அன்றைக்கே கேட்டிருந்தால். இப்போது லேப்டாப்பை மூடினாலும் அது பாட்டுக்கு ஓடுகிறது. குட்டி விழித்தபோது மூடினேன். ஒன்றும் ஆகவில்லை. திறந்து பார்த்தேன். மறுபடி மூடினேன். திறந்தேன். இந்தப் புத்திக்கு என்ன மருந்தோ.

மார்ச் 28, வெள்ளி

41,618-ம் ஒன்றுக்கொன்று அச்சு அசல். வேறுபாடு: பூஜ்யம். மெஷின் ரூம் அண்ணன் மூன்று மணிக்கு டிஸ்க்கில் ஓட்டை போட்டார். போடுகிற சத்தத்தைப் போனில் கேட்கவைத்தார், கல்யாண வீட்டில் மேளத்தைக் கேட்கவைக்கிற மாதிரி.

மிச்ச இருபத்தாறையும் டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

நாலரைக்கு மேடம். நான் நினைத்த மாதிரிதான். வீட்டிலிருந்து வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. "நான் பேசிப் பார்த்தேன். நோயாளிங்க சம்பந்தப்பட்ட விஷயம், ஒத்துக்கலை. ஆனா இதே வேலை, இதே பொறுப்பு. அதை நான் விட்டுக் கொடுக்கலை." ஊழியர்களுக்கான காப்பகம் ஆஸ்பத்திரியிலேயே, கீழ்த்தளத்தில், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். இடம் சொல்லி வைத்திருக்கிறார்.

சரி மேடம் என்றேன். ஒரே தரம்.

வைத்துவிட்டுக் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் வந்து விளக்கைப் போட்டார். "அந்த அம்மா இன்னைக்கு வீட்டுல என்ன பண்ணிட்டிருப்பாங்க?" என்றார் திடீரென்று. எனக்குத் தெரியாது. எப்போதும் தெரியப்போவதில்லை. அவருக்கும் என்னைத் தெரியாது.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்றாவது நாள். முதல் நாள் அழுதாள், நானும். இரண்டாம் நாள் நான் மட்டும். இன்று கதவருகே தூக்கிக்கொள்ளக் கையை நீட்டிய காப்பக அக்காவிடம் தாவிவிட்டாள். என் தோள் காலியாக இருந்ததில் ஒரு நிமிடம் படி எது, தரை எது என்று தெரியவில்லை.

பிற்பகல் மேடம் என் மேசைக்கு வந்து ஒரு கோப்புறையை வைத்தார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சர்வர், அடுத்த மாதம் மாற்றவேண்டும்.

"என்கிட்டயா மேடம்?"

"ஏன், முழுசா இருக்கான்னு உள்ள படிச்சுப் பார்க்கத் தெரிஞ்ச ஆள் வேற யார் இருக்கா இங்க?" கிண்டலா, நிஜமா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போகத் திரும்பினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

நின்றார்.

"தினமும் பன்னிரண்டு மணிக்கு இருபது நிமிஷம் கீழ போகணும். பால் கொடுக்க. அப்புறம் இந்த வேலைக்கு என்னென்ன வேணும்னு நாளைக்குப் பட்டியல் தரேன். கொஞ்சம் நீளமா இருக்கும்."

"இருபது போதுமா?"

"முப்பது."

"போங்க" என்றார். அவ்வளவுதான்.

நாளைக்கு மாற்றுத் துணி மூன்று செட் வைக்கவேண்டும். இரண்டு போதவில்லை.